இரை வைக்காத பொறி: டெக்ஸஸில் அர்மடில்லோ பிடித்த அனுபவம்

ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோ பக்கம் பைன் மரமும் மணல் கலந்த மண்ணுமாக இருக்கும். அங்கே வீடு வாங்கினால், உடல்மேல் கவசம் போர்த்திய அர்மடில்லோ என்ற விலங்குடன் பழக்கம் ஏற்படாமல் போகாது. படத்தை ஊருக்கு அனுப்பினால் "அழுங்கா?" என்றுதான் கேட்பார்கள். நம்மூர் எறும்புத்தின்னியான அழுங்குக்கும் இதற்கும் உறவில்லை. டெக்ஸஸில் இருக்கும் ஒன்பது பட்டை அர்மடில்லோவுக்குப் பந்தாகச் சுருண்டுகொள்ளவும் வராது. பயந்தால் செங்குத்தாக மூன்று நான்கு அடி எகிறும். நெடுஞ்சாலையில் இத்தனை அடிபட்டுக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம், பாவம்.

எங்கள் தோட்டத்தில் முள்ளங்கிக்கும் வெந்தயக் கீரைக்கும் பாத்தி போட்டு, மட்கிய உரம் கொட்டி, தினமும் தண்ணீர் விட்டு வந்தோம். ஈரமான, புழு நிறைந்த மண் என்றால் அர்மடில்லோவுக்கு விருந்து. அது கீரையைத் தின்பதில்லை. வண்டுப் புழுவையும் மண்புழுவையும் தேடி மூக்கை நுழைத்து நோண்டும்போது நாற்றெல்லாம் வேரோடு வெளியே வந்துவிடும். புல்தரையில் ஒரு சாண்கூட இல்லாத சின்னச் சின்னக் குழிகள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஏசி இயந்திரம் நிற்கும் கான்கிரீட் பலகைக்கு அடியில் வளை தோண்டியதும்தான் இனி விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். வளையின் வாய் ஏழெட்டு அங்குலம்தான் இருக்கும். ஆனால் உள்ளே 15 அடி வரைகூடப் போகும். அடியில் மண் போனால் பலகை ஒரு பக்கம் சாயும், இயந்திரத்தோடு இணைந்த குழாய் உடையும்.

கடைகளில் விளக்கெண்ணெய் கலந்த விரட்டி மருந்துகள் கிடைக்கின்றன. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு விரட்டிகளை நம்பச் சொல்வதில்லை. பொறி வைத்துப் பிடிப்பதைத்தான் சொல்கிறது. கம்பிக்கூண்டும் சரிப்படும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர், பல வருடங்களாக இதைச் செய்பவர், மரப்பெட்டிதான் நல்லது என்று உறுதியாகச் சொன்னார். அர்மடில்லோவுக்குக் கண் சரியாகத் தெரியாது, வாழ்க்கையே மூக்கில்தான். மரம் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒருமுறை அர்மடில்லோ விழுந்த பெட்டியில் அடுத்தது எளிதாக விழும் என்பது அவர் கணக்கு. செய்து பார்த்தபின் எனக்கும் அதே எண்ணம்தான்.

பெட்டிக்கு மருந்து ஏற்றாத பைன் பலகை வாங்கினேன். அமெரிக்கக் கடைகளில் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கும் பலகையின் உண்மையான அகலம் பதினொன்றேகால் அங்குலம், கனம் முக்கால் அங்குலம். அதை மனதில் வைத்துத்தான் அளவு போட வேண்டும். அடிப்பலகை, மேல்பலகை, இரண்டு பக்கப் பலகைகள் எல்லாம் மூன்றடி நீளம். பக்கப் பலகைகளை அடிப்பலகையின் மேலேயே நிறுத்தித் திருகாணி போட்டால் உள்ளே கிட்டத்தட்ட பத்து அங்குல அகலம் கிடைக்கும். அர்மடில்லோ நுழைய அது தாராளம். உள்ளே திரும்ப முடியாத அளவுக்கு நெருக்கமாகவும் இருக்கும். ஆணியை விடத் திருகாணியே மேல், ஏனென்றால் உள்ளே போனது நகத்தால் பலகையைப் பிராண்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டு முனையிலும் கதவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்த பெட்டி அதற்கு முட்டுச்சந்துதான். இரு பக்கமும் திறந்திருந்தால் வழி என்று நினைத்து நடக்கும். கதவு மேலும் கீழும் ஓட நிமிர்ந்த சட்டங்களில் காடி, அதாவது நீளப் பள்ளம் வெட்டினேன். காடி இறுக்கமாக இருந்தால் மழை ஈரத்தில் மரம் ஊதிக் கதவு பாதியில் நின்றுவிடும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே விட்டேன். கதவின் கீழ் விளிம்பில் ஓர் இரும்புப் பட்டையும் அறைந்தேன். எடை கூடும், நகத்தை நுழைத்துத் தூக்கவும் வராது.

கதவை விழவைக்கும் விசை மிக எளிது. மேல்பலகையின் நடுவில் ஒரு துளை. அதன் வழியே ஒரு குச்சி உள்ளே தொங்கும். குச்சியின் பக்கவாட்டில் ஒரு வெட்டு, அது துளையின் விளிம்பில் அடியிலிருந்து மாட்டிக்கொள்ளும். இரண்டு கதவிலிருந்தும் வரும் கயிறுகள் சட்டத்தின் உச்சியைத் தாண்டி இந்தக் குச்சியின் தலையில் கட்டப்பட்டிருக்கும். கதவுகளின் எடை குச்சியை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், வெட்டு அதைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே நடப்பதன் முதுகு குச்சியில் இடித்தால் வெட்டு நழுவும், இரண்டு கதவும் ஒரே நேரத்தில் விழும். முயலுக்கு இதே முறையில் அமெரிக்கத் தெற்கில் வெகு காலமாகப் பெட்டி செய்கிறார்கள். குச்சியின் நுனி தரையிலிருந்து நாலங்குல உயரத்தில் இருக்கட்டும். அப்போதுதான் எலி ஓடினால் கதவு விழாது.

இனி வைப்பது. இதில்தான் வேலை முழுக்க இருக்கிறது. நம்மூர் எலிப்பொறியில் மசால் வடை வைப்பது போல இதில் எதையும் வைத்துப் பயனில்லை. மண்ணுக்குள் இருக்கும் உயிருள்ள புழுவை மோந்து தேடும் விலங்கு, பெட்டியில் வைத்த பழத்துக்காக வராது. அது நடக்கும் வழியிலேயே பெட்டி இருக்க வேண்டும். வேலி, சுவர் என்று எதையாவது ஒட்டிக்கொண்டே நடப்பது அதன் பழக்கம். எங்கள் வேலியோரம் புல் அழுந்தி ஒரு தடம் தெரிந்தது. அந்தத் தடத்தின் மேலேயே பெட்டியை நிறுத்தி, வாசலின் இரு பக்கமும் ஆறடி நீளப் பலகைகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, வாய் அகன்ற புனல் மாதிரி வைத்தேன். இங்கே அதை இறக்கை என்பார்கள். பலகையில் மூக்கு இடித்தால் அர்மடில்லோ திரும்பிப் போகாது, பலகையை ஒட்டியே நடந்து பெட்டிக்குள் வந்துவிடும். இந்த இறக்கை இல்லாமல் பெட்டி வைத்தால் பக்கத்தில் கடந்து போய்விடும். பெட்டிக்குள்ளும் வளையருகே இருந்த மண்ணையும் சருகையும் பரப்பினேன், புதுப் பலகை வாசனை அடங்குவதற்காக.

முதலில் விழுந்தது ஓர் ஒப்பாசம், குட்டியைப் பையில் சுமக்கும் சின்ன விலங்கு. கதவைத் தூக்கி விட்டதும் மெதுவாகப் போனது. விடிவதற்குள் போய்ப் பார்ப்பதை ஒருநாளும் தவறவிடக்கூடாது. டெக்ஸஸ் வெயிலில் மூடிய பெட்டிக்குள் எந்த உயிரும் தாங்காது. நிழலில் வையுங்கள், பக்கப் பலகையில் காற்றுத் துளைகளும் போடுங்கள். பார்க்க முடியாத நாளில் கதவைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்த சில நாட்களில் அர்மடில்லோவே விழுந்தது. உள்ளே ஒரே தட்டலும் பிராண்டலும். கையால் மட்டும் தொடாதீர்கள். அர்மடில்லோவுக்குத் தொழுநோய்க் கிருமி தொற்றும் என்பது 1971-லேயே தெரிந்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் மனிதருக்கும் அர்மடில்லோக்களுக்கும் ஒரே வகைக் கிருமி இருப்பதை 2011-ல் வந்த ஆய்வு காட்டியது. பீதியடைய வேண்டியதில்லை. 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு இயல்பிலேயே எதிர்ப்பு சக்தி உண்டு, நோய் வந்தாலும் மருந்தால் முழுக்கக் குணமாகும். ஆனாலும் கையுறை போட்டுத்தான் பெட்டியைத் தொட்டேன், பிள்ளைகளை அருகில் விடவில்லை.

பிடித்ததை என்ன செய்வது என்பதைப் பொறி வைக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கண்ட இடத்தில் கொண்டுபோய் விடுவது அடுத்தவர் தோட்டத்துக்குத் தொல்லையை அனுப்புவதாகத்தான் முடியும். நான் உரிமம் உள்ள வனவிலங்குப் பிடிப்பாளரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன், அவர் வந்து எடுத்துச் சென்றார். வாசனை போய்விடாமல் இருக்கப் பெட்டியைக் கழுவ வேண்டாம் என்று அவரும் சொன்னார்.

அப்புறம் வளையை அடைப்பது. உடனே மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், உள்ளே இன்னொன்று இருக்கலாம். வசந்த காலமென்றால் ஒரே அச்சில் வார்த்த நான்கு குட்டிகளும் இருக்கலாம், இந்த இனம் ஒரே கருமுட்டையிலிருந்து நான்கு ஈனும். வளையின் வாயில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகத் திணித்து வைத்துப் பார்த்தேன். சில நாட்கள் அசையாமல் இருந்ததும் சரளைக் கல் கொட்டி நிரப்பி, கான்கிரீட் பலகையைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குக் கம்பிவலை புதைத்தேன். பாத்திக்கு இப்போது மாலையில் தண்ணீர் விடுவதில்லை. காலையில் விட்டால் இரவுக்குள் மேல்மண் காய்ந்து புழுக்கள் கீழே போய்விடும்.