காலித் தட்டு

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் காவலராக இருந்த நாட்களில், பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரென்யோவின் ‘சலோமே’ ஓவியம் இருக்கும் அறையில் டியூட்டி விழுந்தால் எனக்குச் சந்தோஷம். எந்த அறையானாலும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும், சாயங்காலம் ஆனால் கால் கடுக்கும், ஆனால் அந்த மஞ்சளுக்கு முன்னால் நேரம் போவதே தெரியாது. பின்னணி முழுக்கப் பளபளக்கும் மஞ்சள், அதன்மேல் சீப்பே படாத மாதிரி அடர்ந்த கருங்கூந்தல், உள்ளே கால் தெரியும் மெல்லிய பொன்னிறப் பாவாடை. படம் 160 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஆள் உயரம் என்பதால் யாரோ எதிரில் உட்கார்ந்து நம்மையே பார்ப்பது போலிருக்கும்.

பைபிள் கதையில் ஏரோது மன்னன் முன் ஆடி, அதற்குப் பரிசாக யோவான் ஸ்நானகன் என்ற தீர்க்கதரிசியின் தலையைத் தட்டில் வைத்துத் தரச் சொன்ன பெண்ணைத்தான் சலோமே என்கிறார்கள். அதனால் வருகிறவர்கள் நடனத்தைத் தேடுவார்கள், இல்லையென்றால் அந்தத் தலையை. இரண்டுமே அதில் கிடையாது. ஆடி முடித்துவிட்டாள், மடியில் தட்டும் கத்தியும் இருக்கின்றன, தட்டு காலி.

எனக்குப் பிடித்தது அந்த முகம்தான். முதலில் ரென்யோ சலோமேயை வரையவே இல்லை. ஓர் இத்தாலியப் பெண்ணை மாடலாக வைத்து முகத்தை வரைந்தார், அப்புறம் கீழேயும் வலப்பக்கமும் கேன்வாஸைப் பெரிதாக்கித் தட்டையும் கத்தியையும் கொடுத்து சலோமே ஆக்கினார். முகம் முதலில் வந்தது, பழி பிறகுதான் வந்தது. பைபிளின் சுவிசேஷத்திலும் அவளுக்குப் பெயர் இல்லை, ஏரோதுவின் மனைவி ஏரோதியாளின் மகள், அவ்வளவுதான். என்ன கேட்கட்டும் என்று அம்மாவிடம் ஓடிப் போய்க் கேட்கிற பெண் என்று மாற்கு எழுதுகிறார். பார்வையாளர்கள் அவளை ராட்சசி என்று சொல்லிவிட்டு நகரும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

1870ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இதைப் பார்த்து ஊரே பேசியது. அடுத்த ஜனவரியில், பிரஷ்யாவுடன் நடந்த போரில், பாரிசுக்குப் பக்கத்தில் புசன்வாலில் ரென்யோ குண்டடிபட்டு இறந்தார். வயது 27. மஞ்சளை அப்படிக் கையாண்ட கை இன்னும் என்னென்ன செய்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஒருநாள் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். வரிசையில் கடைசியாக வந்த சிறுமி மட்டும் படத்தின் முன் நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்தத் தட்டில் என்ன வைப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். கதை எனக்குத் தெரியும், ஆனால் வாய் வரவில்லை. “இப்போதைக்கு ஒன்றும் இல்லையம்மா” என்றேன். “அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் பின்னால் ஓடிவிட்டாள்.