பெட்டைக்குட்டிக்குப் பத்தாயிரமோ?

செப்டெம்பர் 20, 2025, கொக்குவில்

புரட்டாதிச் சனி. எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து காகத்துக்குச் சோறு வைக்கக்கூட மகள் விடவில்லை. கோண்டாவிலில் அவளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த ரீச்சர் வீட்டில் நாய்க்குட்டிகள் நிற்கின்றனவாம். பின்னேரம் போனோம்.

தாய் மஞ்சள் லாப்ரடோர். குட்டி ஐந்தும் கறுப்பு. எல்லாவற்றுக்கும் நெஞ்சில் ஒரு பொட்டு வெள்ளை, இரண்டுக்குக் கால்விரல்களிலும் வெள்ளை. நல்லூர்த் திருவிழா நேரம், ஓகஸ்ட் 9 பிறந்தவை. கடுவன் 20,000 ரூபா, பெட்டை 10,000 ரூபா.

"தகப்பன் ஆர், ரீச்சர்?"

"உங்கால ஒழுங்கையிலை ஒரு அல்சேஷன் நிக்குது பிள்ளை." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மோட்டார்சைக்கிளில் இவரின் முதுகே கதைத்தது. "பத்தாயிரமோ? சந்தையடியிலை பெட்டியோடை விட்டிட்டுப் போறாங்கள், சும்மா தூக்கிக்கொண்டு வரலாம்."

செப்டெம்பர் 22

கந்தோரில் நாய் வளர்க்கும் அண்ணையைக் கேட்டேன். சிரித்தார். மஞ்சள் லாப்புக்கு வேறு நிற நாய் சேர்ந்தால் குட்டி கறுப்பாய் வருவது ஒன்றும் புதினமில்லையாம். கறுப்பு நிறம் மஞ்சளை அமுக்கிவிடும். அதனால் நிறத்தை வைத்துத் தகப்பன் அல்சேஷனா, சந்தியில் படுத்திருக்கும் கட்டாக்காலியா என்று சொல்லவே முடியாது. காதை வைத்தும் சொல்ல முடியாது. அல்சேஷன் குட்டிக்கே முதல் மாதங்களில் காது தொங்கும். அதைவிட, ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்மாரும் இருக்கலாம் என்றார். நான் நம்பாமல் பார்த்தேன். "ஓம் தங்கச்சி, நாய்க்கு அது நடக்கும்."

இனத்தைக் காட்டும் பேப்பர் இருக்குமோ என்று கேட்டேன். கென்னல் அசோசியேஷன் பேப்பர் தாய் தகப்பன் இரண்டும் ஒரே இனமாய்ப் பதிந்தவைக்குத்தான். கலப்புக்கு வாய்ச்சொல்தான் பேப்பர்.

அப்ப அந்தப் பத்தாயிரம் எதுக்கு?

செப்டெம்பர் 24

அம்மா இந்தக் கதை தொடங்கியதிலிருந்து வாயே திறக்கவில்லை. இன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தானாகச் சொன்னா. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது, கட்டியிருந்தால் பட்டினியில் செத்துப்போகும் என்று அப்பா நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டாராம். அது பின்னாலேயே வந்திருக்கிறது. நாவற்குழிப் பாலமட்டும் கண்டவ. அதுக்குப் பிறகு மழையும் சனமும். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது வளவில் சங்கிலி மட்டும் கிடந்தது, துருப்பிடித்து.

"ஆர் தந்த நாயம்மா அது?"

"ஆர் தாறது. வைரவர் கோயிலடியிலை நிண்டது, வந்திட்டுது."

அதோடு எழும்பிப் போய்விட்டா. வேண்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 28

இரண்டாம் தரம் ரீச்சர் வீடு. இந்தமுறை நான் தனியப் போனேன். விலை குறைக்கக் கேட்பதுதான் எண்ணம்.

ரீச்சர் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். பிறந்த நாளிலிருந்து செலவு முழுக்க எழுதியிருக்கிறார்: தாய்க்கு இறைச்சி, குட்டிகளுக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்காப் பூச்சிமருந்து, மிருக வைத்தியருக்கு, வைத்தியர் வந்துபோன ஓட்டோவுக்கு. நேற்று ஐந்துக்கும் முதலாவது தடுப்பூசி. கூட்டிப் பார்த்தால் 38,000 சொச்சம். குட்டிக்கு ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. பெட்டையில் அவருக்குப் பெரிதாய் மிச்சமில்லை, கடுவனில்தான் இருக்கிறது.

"போன ஈத்து சும்மாதான் பிள்ளை குடுத்தனான். ஆறு குட்டி. ரெண்டு மாசத்திலை அதிலை ஒண்டைத் திருநெல்வேலிச் சந்தையடியிலை கண்டன், சொறி பிடிச்சு, எலும்பெடுத்து. பெட்டை. சும்மா குடுத்தா சும்மா விட்டிடுவினம்."

நான் கேட்கவந்ததைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டுவிட்டேன்: தாய்க்குக் கருத்தடை செய்தால் என்ன, இது இரண்டாவது ஈத்து அல்லவா என்று.

"நீர் எனக்கு வகுப்பெடுக்கிறீரோ?"

தேத்தண்ணி ஆறிப்போனது. அரைவாசி குடித்துவிட்டு எழும்பினேன். படலைமட்டும் தாய்நாய் கூட வந்தது. ரோமம் மினுங்க, கொழுத்து, ஒரு பயமும் இல்லாமல். ரீச்சர் கோபக்காரி, ஆனால் நாயைப் பட்டினி போடாதவ.

செப்டெம்பர் 30

இரவு இவரோடு கணக்கு. இவர் சொல்லும் சும்மா குட்டிக்கும் பூச்சிமருந்து வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் சும்மா போடுவார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நோய்களுக்கு உள்ளதைக் காசு குடுத்துத்தான் போடவேண்டும், அதுவும் மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாய், நாலு மாதம் ஆகும்வரை. பெட்டை என்றால் பிறகு கருத்தடை. ஒரு வருஷச் சோற்றையும் சேர்த்துப் பார்த்தால் பத்தாயிரம் மூலையில் போய் நிற்கிறது.

முன்வீட்டுக்காரர் போன மாரிக்கு வீதியில் எடுத்த குட்டியை ஞாபகப்படுத்தினேன். இரத்தமாய் வயிற்றால் போய் நாலாம் நாள் முடிந்தது. ஊசி போடவில்லை. இவர் பதில் சொல்லவில்லை, லைற்றை நூர்த்தார்.

லாப் என்ற சொல்லுக்கு நான் ஒரு சதமும் குடுக்கமாட்டேன். அந்தக் கொப்பிக்குக் குடுக்கலாம்.

ஒக்டோபர் 2

விஜயதசமி. நல்ல நாள், இன்றைக்கே கொண்டுவருவோம் என்று மகள் ஒற்றைக்காலில். எட்டுக் கிழமை முடியமட்டும் தாயோடு நிற்கவேண்டும், அப்பதான் கடிக்கிற அளவு தெரியும் என்று வைத்தியர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். எட்டுக் கிழமை சனிக்கிழமைதான் முடிகிறது. சனியில் உயிர்ப்பொருள் வீட்டுக்கு எடுக்கக்கூடாது என்றா அம்மா. ஆக ஞாயிறு. கவனித்தேன், எடுக்கவேண்டாம் என்று அவ சொல்லவில்லை.

மத்தியானம் ரீச்சரே போன் எடுத்தார். தை பிறந்ததும் தாய்க்குக் கருத்தடை, நாள் கேட்டு வைத்திருக்கிறாராம். "உமக்காக இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒக்டோபர் 5

கால்விரலில் வெள்ளை உள்ள பெட்டை. 10,000 ரூபாவை முழுசாய்க் குடுத்தேன். குறைத்துக் கேட்கவில்லை, அவரும் குறைக்கவில்லை. தடுப்பூசி அட்டையில் தாய் என்ற இடத்தில் 'லாப்ரடோர்' என்று எழுதிவிட்டு, தகப்பனுக்கு வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"தெரியாதெண்டு எழுதுங்கோ ரீச்சர்" என்றாள் மகள்.

ஒரு கோடு போட்டார்.

ஓட்டோவில் என் சீலை முழுக்க நனைந்தது. வீட்டுக்கு வந்து தண்ணி குடித்துவிட்டுத் திண்ணைக்குக் கீழ் போய்ப் படுத்துவிட்டது. இவர் பின்னேரம் கடைக்கு வெளிக்கிட்டார், கழுத்துப்பட்டியும் சங்கிலியும் வாங்க. அம்மா உள்ளுக்கிருந்து குரல் குடுத்தா: "தம்பி, சங்கிலி வேண்டாதையுங்கோ. படலையைப் பூட்டினால் காணும்."

அடுத்த ஊசி 18ஆம் திகதி. தீபாவளி வெடிக்கு முதல்.