மன்னாரிலதான் இருந்தனான், அங்கிள்

மன்னாரில் இரண்டு வருடம் கணக்காளராக இருந்துவிட்டுப் போன மாதம்தான் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். வந்த முதல் ஞாயிறு, காலி வீதியில் பாண் வாங்க நின்றபோது பழைய அயலவர் ஒருவர் தோளில் தட்டினார்.

"என்ன தம்பி, கனடாவிலயிருந்து எப்ப வந்தனீர்?"

"மன்னாரிலதான் இருந்தனான், அங்கிள்."

"ஓ" என்றவர் மீன் விலைக்குத் தாவிவிட்டார்.

பாணோடு நடக்கும்போது பழைய ரோமின் பேர்பெற்ற பேச்சாளர் சிசரோவின் நினைப்பு வந்தது. கி.மு. 75இல் அவரும் கணக்குப் பார்க்கத்தான் போனார். சிசிலியின் மேற்கு முனையில் லிலிபேயம். பதவியின் பெயர் குவெஸ்டர். அர்பினம் என்ற சிற்றூர்க்காரர், பரம்பரையில் யாரும் செனட்டில் இருந்ததில்லை. ரோமில் தானிய விலை ஏறிக் கிடந்த நேரம் பார்த்து நிறையத் தானியம் அனுப்பினார். தலைநகரம் முழுக்கத் தன் பேச்சுத்தான் என்ற நினைப்போடு திரும்பியவர், வழியில் புதியோலியில் இறங்கினார். பணக்காரர்கள் பொழுதுபோக்கக் கூடும் கடற்கரை ஊர் அது.

ஒருவர் கேட்டாராம்: "ரோமிலிருந்து எப்போது புறப்பட்டீர்? அங்கே என்ன புதினம்?"

மாகாணத்திலிருந்து வருகிறேன் என்றார் இவர்.

"ஓ, ஆபிரிக்காதானே?"

"இல்லை, சிசிலி." எரிச்சல் வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற எல்லாம் தெரிந்தவர் விடவில்லை: "உமக்குத் தெரியாதா? இவர் சிராகூசில் அல்லவா இருந்தார்!" சிராகூஸ் தீவின் மறுகரையில் இருக்கிறது. அங்கே இருந்தது வேறொரு குவெஸ்டர்.

இருபது வருடம் கழித்து, பிளான்கியஸ் என்பவருக்காக வாதாடும்போது, சிசரோ தானே சொன்ன கதை இது. தற்பெருமைக்குப் பேர்போன மனிதர் தன்னையே இப்படிக் கிண்டலடித்ததால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். ரோமர்களுக்குக் காது மந்தம், கண் கூர்மை என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியதாம். அதன்பின் அன்றாடம் அவர்கள் கண்ணில் படும்படி போரம் என்ற நகரச் சதுக்கத்திலேயே கிடந்தார். தன்னைத் தேடி வந்த எவரையும் வாசல்காவலனோ தூக்கமோ தடுத்ததில்லை என்கிறார்.

சிசிலிக்காரர்கள் மட்டும் மறக்கவில்லை. தங்களைச் சூறையாடிய ஆளுநர் வெரஸ் மேல் கி.மு. 70இல் வழக்கு நடத்த அவரைத்தான் தேடி வந்தார்கள். அப்புறம் பதவியில் மளமளவென்று ஏற்றம்: 69இல் ஈடைல், 66இல் பிரேட்டர், 63இல் எல்லாவற்றுக்கும் மேலான கொன்சல். ஒவ்வொன்றும் சட்டம் அனுமதித்த வயது வந்த உடனேயே.

சரி, நாமும் கொஞ்சம் கண்ணில் படுவோம் என்று எண்ணிக்கொண்டு எங்கள் மாடிக் குடியிருப்பு வாசலுக்கு வந்தேன். காவல்கார அண்ணன் மறித்தார்.

"யார் வீட்டுக்குப் போறீங்கள்?"