அப்பாட பெருவிரல்

செப்டெம்பர் 3
திருவிழா முழுக்க அப்பா நல்லூர் வீதியில வெறுங்காலோட திரிஞ்சவர், மத்தியானம் மணல் கொதிக்கேக்க சனம் நிழல் தேடி ஓடும், இவர் மட்டும் ஆறுதலா நடந்து வருவார், எல்லாம் முருகன்ர அருள் எண்டு அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவ. சீனி வருத்தத்தில நரம்பு பழுதானா காலுக்குச் சூடே தெரியாதாம், கிளினிக் மிஸ்ஸி சொன்னா. கால் பெருவிரல்ல கொப்புளம் உடைஞ்ச இடம் இப்ப கறுப்பு.

செப்டெம்பர் 4
கறுப்பு கூடேல்ல. கூடேல்லத்தானே?

செப்டெம்பர் 6
ஆஸ்பத்திரி வாட்டில மறிச்சுப் போட்டினம். துண்டில எழுதினது நெக்ரோசிஸ், பெரிய டொக்டர் ரவுண்ட்ஸில சொன்னது ட்ரை கங்கிரீன். ரெண்டும் ஒண்டோ எண்டு கேக்க முதல் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். இரவு போனில தேடினன். நெக்ரோசிஸ் எண்டா உடம்பில எங்கயும் இழையம் சாகிறது, பெரியப்பாக்கு ஹார்ட் அட்டாக் வந்து இதயத் தசை செத்ததும் அதுதான், மூளையில வந்தா செத்த இடம் கரைஞ்சு கூழாப் போகுமாம். கங்கிரீன் அதில ஒரு வகை, ரத்தம் போகாமலோ கிருமி பிடிச்சோ ஒரு துண்டு கண்ணுக்குத் தெரியச் சாகிறது. காஞ்சது, ஈரமானது, காஸ் பிடிச்சது எண்டு இருக்கு. காஸ் வகை குளொஸ்ட்ரிடியம் கிருமியால வாறது, அமத்தினா தோலுக்குக் கீழ நொறுநொறுக்குமாம். அதை வாசிச்ச நேரந்தொட்டு அமத்திக்கொண்டே இருக்கிறன். "என்ன பிள்ளை, மாம்பழமோ பாக்கிறாய்?" எண்டுறார்.

செப்டெம்பர் 7
நொறுநொறுக்கேல்ல.

செப்டெம்பர் 9
டொப்ளர் எடுத்தவை, ரத்த ஓட்டம் பாக்கிற ஸ்கான். முழங்காலுக்குக் கீழ ஓட்டம் குறைவு. கணுக்கால் பிரஷரைக் கையிர பிரஷரால பிரிக்கிற கணக்கு 1.4க்கு மேல எண்டோன நான் சந்தோசப்பட்டிட்டன், சின்ன டொக்டர் சிரிச்சார், சலரோகக்காரற்ற நாடி கல்சியம் பிடிச்சு விறைச்சிருக்கும், அமத்தினாலும் மடங்காது, அதால பொய்யாக் கூடத்தான் காட்டும், கால்விரல்ல அளந்தாத்தான் சரியாம். நல்ல நம்பர் வந்தாலும் நம்பேலாது எண்டா என்ன செய்யிறது.

செப்டெம்பர் 11
இப்ப வெட்டேல்லயாம். காஞ்சதெண்டா செத்ததுக்கும் உயிரோட இருக்கிறதுக்கும் நடுவில கோடு தெளிவா விழுமட்டும் பாத்துக்கொண்டிருக்கலாம், சிலருக்குத் தானாவே கழண்டும் விழும். ஈரமாகி, வீங்கி, மணந்து, காய்ச்சலும் வந்தா மட்டும் உடன ஒப்பரேஷன் தியேட்டர், கிருமி ரத்தத்தில ஏறினா ஆளுக்கே ஆபத்து. அதால இப்ப மணந்தும் பாக்கிறன். ஆரும் கண்டா விசர் எண்டுவினம்.

சின்னம்மா வாட்டு வாசலில நிண்டே "அழுகிப் போச்சோ" எண்டு கேட்டா, எல்லாக் கட்டிலும் திரும்பிப் பாத்தது. "அழுகேல்லயடி, காஞ்சிருக்கு" எண்டார் அப்பா, ஏதோ சோதினை பாஸ் பண்ணின மாதிரி. வேப்பிலை அரைச்சுக் கட்டச் சொல்லிப்போட்டுப் போனா. கட்டமாட்டன்.

செப்டெம்பர் 12
அம்மா சாமிக்கு விளக்கு வைக்கேல்ல. கேக்கவும் பயம்.

செப்டெம்பர் 14
சிவப்பு நிண்ட இடத்தைப் பேனையால கீறி விட்டிருக்கினம். காலமை தாண்டேல்ல, மத்தியானமும் தாண்டேல்ல. பின்னேரம் "நோகுது பிள்ளை" எண்டார், இத்தனை நாளும் ஒருக்காலும் சொல்லாத மனுசன். நரம்பு முழிக்குதோ இல்லாட்டி உள்ளுக்குள்ள கிருமி போகுதோ, பெரிய டொக்டர் திங்கள்தான் வருவாராம்.

இரவு 11 மணி. விரல்ல கட்டின துணியிர விளிம்பில ஈரம். முகம் கழுவேக்க தண்ணி பட்டிருக்கும் எண்டுறார். மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வாறன்