மாக்கியவெல்லி கேள்வியில் நான் கோட்டை விட்டது எங்கே?

முதுகலை அரசியல் அறிவியல் முதலாண்டு உள்தேர்வு. இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி பற்றிய 15 மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி 5 வாங்கினேன். "நோக்கம் நல்லதென்றால் வழி எதுவானாலும் சரி" என்று அவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: "எந்த அத்தியாயம்?"

ரோஷத்தில் அவருடைய 'இளவரசன்' நூலையே எடுத்துப் படித்தேன். 26 சிறிய அத்தியாயங்கள். இரண்டு இரவு போதும். அந்த வாக்கியம் எங்கேயும் இல்லை. 18ஆம் அத்தியாயம் சற்று நெருங்கி வருகிறது. மன்னன் செய்ததை விசாரிக்க மேலே நீதிமன்றம் இல்லாதபோது எல்லாரும் முடிவைத்தான் பார்க்கிறார்கள் என்கிறார். உலகம் இப்படி நடக்கிறது என்பது வேறு, இப்படி நடப்பது சரி என்பது வேறு. வழிகாட்டி நூல்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

முழு நூலுக்கு நேரமில்லையா? 7, 8 ஆகிய இரண்டையாவது அடுத்தடுத்துப் படியுங்கள். இத்தாலியின் ரொமான்யா பகுதியை அடக்க ரெமிரோ என்ற கொடூரனை அனுப்புகிறான் போப்பின் மகனும் படைத்தலைவனுமான சேசரே போர்ஜியா. அமைதி வருகிறது, கூடவே வெறுப்பும் வருகிறது. 1502 டிசம்பரில் ஒரு காலை, சேசேனா நகரச் சதுக்கத்தில், போர்ஜியாவின் ஏற்பாட்டிலேயே, ரெமிரோவின் உடல் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு மரக்கட்டை, இரத்தம் தோய்ந்த கத்தி. மக்களுக்கு மனமும் ஆறியது, வாயும் அடைத்துப்போனது என்கிறார் மாக்கியவெல்லி. ஃபிளோரன்ஸின் தூதராக அப்போது அவர் போர்ஜியாவுடன்தான் இருந்தார். எழுத்தில் வியப்பை மறைக்கவும் இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் பழங்காலச் சிசிலியில் சிராக்யூஸ் நகரை ஆண்ட அகதோக்ளிஸ் வருகிறான். அவனும் கொன்றுதான் ஆட்சியைப் பிடித்தான். ஆனால் சக குடிமக்களைக் கொல்வதையும் நண்பர்களுக்குத் துரோகம் செய்வதையும் 'விர்த்தூ' என்று சொல்ல முடியாது, அதில் அதிகாரம் கிடைக்கும், புகழ் கிடைக்காது என்கிறார். போர்ஜியாவுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒன்றா? விடையை இந்த உறுத்தலிலிருந்து தொடங்குங்கள். 'விர்த்தூ' என்ற இத்தாலியச் சொல்லை 'அறம்' என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஆற்றல், திறம், துணிவு எல்லாம் அதில் உண்டு.

மன்னன் சிங்கமாகவும் நரியாகவும் இருக்க வேண்டும் என்ற மாக்கியவெல்லியின் உவமையை எல்லாரும் எழுதுவார்கள். சிங்கத்தின் வன்முறையும் நரியின் வஞ்சகமும் மனிதனுக்கு ஒவ்வாதவை, வஞ்சகம் இன்னும் இழிவு என்று பண்டைய ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ முன்பே எழுதிவைத்ததை எத்தனை பேர் சேர்க்கிறார்கள்? மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய சிசரோவை மாக்கியவெல்லி தலைகீழாகப் புரட்டுகிறார். பக்கத்தில் அதே காலத்து டச்சு அறிஞர் எராஸ்மஸை நிறுத்துங்கள்: அநீதி செய்துதான் அரசைக் காக்க முடியுமென்றால் அரசைத் துறந்துவிடு என்று 1516இல் எழுதியவர் அவர்.

வாழ்க்கைக் குறிப்புக்கு மூன்று வரி போதும். 1512இல் ஃபிளோரன்ஸை முன்பு ஆண்ட மெடிச்சி குடும்பத்தார் ஆட்சிக்குத் திரும்பினார்கள், மாக்கியவெல்லிக்கு வேலை போனது. 1513இல் சிறை, சித்திரவதை. நூல் அச்சேறியது 1532இல், அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து. ஒரு பொறி: நூல் காணிக்கையான லொரென்சோ தெ மெடிச்சி, 'மகத்தானவர்' என்று புகழ்பெற்ற லொரென்சோ அல்ல, அவருடைய பேரன். கௌடில்யரோடு ஒப்பிடுவதைக் கேள்வியில் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

பருவத் தேர்வில் 'மாக்கியவெல்லி அறத்துக்கு எதிரானவரா?' என்று வந்தது. சேசேனா சதுக்கத்திலிருந்து தொடங்கினேன். எழுதிய சுகத்தில் ஐந்து பக்கம் ஓடிவிட்டது. இறையாண்மை பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் போதேன் (Bodin) பற்றிய கேள்விக்கு அரைப் பக்கம் எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.