ஒட்டாத கட்டு

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு அப்பாவின் முன்கை கிழிந்தபோது எனக்குப் பத்து வயது. இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டம். காய்ந்து ஒட்டிப்போன கட்டுத் துணியை வெந்நீர் விட்டுப் பிரிப்பார்கள். புதிதாகப் பிடித்த தோலும் கூடவே வந்துவிடும். புண்ணை ஈரமாக மூடி வைத்தால் தோல் விரைவாக வளரும் என்று ஆய்வாளர் ஜோர்ஜ் வின்டர் 1962இலேயே பன்றிகளில் காட்டியிருந்ததைப் பல்கலைக்கழக இறுதியாண்டில்தான் படித்தேன். அன்றே என் ஆய்வு முடிவாகிவிட்டது: ஹைட்ரோஜெல், அதாவது நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல் தகட்டாலான காயக்கட்டு.

முதலில் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் ஜெலட்டினையும் கலந்து, சங்கிலி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் குளூட்டரல்டிஹைட் என்ற இரசாயனத்தால் பிணைத்தோம். தகடு இழுத்தாலும் கிழியவில்லை. ஆனால் அதை ஊறவைத்த திரவத்தை எல்929 என்னும் சுண்டெலித் தொடுப்பிழையக் கலங்களில் விட்டபோது பெரும்பாலானவை மடிந்தன. 70 வீதத்துக்குக் குறைவாக உயிர் தப்பினால் அது நச்சு என்கிறது மருத்துவச் சாதனங்களுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 10993-5. பிணையாமல் மிஞ்சிய குளூட்டரல்டிஹைட்டுதான் காரணம் என்றார் சேர். ஆறு தடவை கழுவியும் போதவில்லை.

பிறகு நீரில் கரையும் செயற்கைப் பல்பகுதியமான பொலிவினைல் அல்ககோலுக்கு மாறினோம். 10 வீதக் கரைசலை மைனஸ் 20 பாகையில் உறையவைத்து, அறை வெப்பத்தில் உருகவிட வேண்டும். பல சுற்றுகளில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஆங்காங்கே நெருங்கிப் படிகமாகி, அந்தப் படிகங்களே முடிச்சுகளாகிவிடும். பிணைப்பி தேவையில்லை, கழுவ நஞ்சும் இல்லை. எவ்வளவு நிம்மதி!

ஆனால் அது 2022. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. மூன்று தொகுதிகள் உறையாமல் கஞ்சியாகவே நின்றன. மீன் கடையில் ஐஸ் வாங்கி, கறியுப்புக் கலந்து, ரெஜிபோம் பெட்டியில் அடைத்தோம். உப்புச் சேர்ந்த ஐஸ் மைனஸ் 20க்குக் கிட்ட இறங்கும். நான்காவது தொகுதி தகடாக எழுந்து வந்தபோது ஆய்வுகூடத்தில் மெழுகுவர்த்திதான் எரிந்துகொண்டிருந்தது.

கிருமி நீக்க ஓட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 பாகையில் வைத்தது என் பெரிய பிழை. திறந்தால் தட்டில் கோந்து. வெப்பம் அந்தப் படிகங்களைக் கரைத்துவிடும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பின்னர் காமாக் கதிருக்குப் போனோம். அது நீர் கொண்ட இந்த ஜெல்லை மேலும் பிணைக்கவும் செய்கிறது. அடுத்த கலச் சோதனையில் தேறினோம்.

விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவிடம் இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். அதற்கிடையே, தகடு காய்ந்து விறைக்காதிருக்கக் கிளிசரின் சேர்த்துப் பார்க்கிறேன். காய்ந்தால் இதுவும் அப்பாவின் கட்டுத் துணியைப் போலவே ஒட்டும்.