அப்பாவின் கற்கள்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 2

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யணும். பீரோ, பாத்திரம், கட்டில் எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான். கற்கள் என் பொறுப்பு. பரண்மேல் மூன்று சாக்கு, கட்டிலுக்கடியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள். எதன்மேலும் ஓர் எழுத்துகூட எழுதி ஒட்டவில்லை. கேட்டால் அப்பா சொல்லிவிடுவார் என்றுதானே இத்தனை வருஷம் இருந்தோம். இப்போது அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஜூன் 3

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் போனவர்கள் வடக்கேயிருந்து கம்பளி, சேலை என்று வாங்கி வருவார்கள். அப்பா கல் கொண்டுவருவார். மகாராஷ்டிராவில் போர் போட்டால் பெரும்பாலும் கரும்பாறைதான், சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. அது இறுகும்போது உள்ளே காற்றுக்குமிழ்கள் மாட்டிக்கொண்டன. பின்னால், மணலில் இருக்கிற அதே சிலிக்கா கலந்த தண்ணீர் அந்தப் பொந்துகளில் இறங்கிப் படிந்து படிந்து அகேட், ஜாஸ்பர் என்கிற வண்ணக் கற்கள் ஆகியிருக்கின்றன. பாறை மக்கி மண்ணானாலும் இவை மக்காது, வயல்காட்டிலேயே கிடக்கும். தண்ணீர் வரணும் என்று தோட்டத்துச் சொந்தக்காரர் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்க, அப்பா வரப்போரம் குனிந்தபடியே நடந்திருப்பார்.

ஜூன் 5

முதல் சாக்கு முடிந்தது. செல்போன் டார்ச்சைக் கல்லுக்குப் பின்னால் பிடிக்கிறேன். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் அகேட் பக்கம், கொஞ்சமும் விடாமல் அடைத்துக்கொண்டால் ஜாஸ்பர் பக்கம். இரண்டும் சிலிக்காதான். ஜாஸ்பரில் இரும்பும் களிமண்ணும் நிறையக் கலந்திருப்பதால் வெளிச்சம் போகாது. சிவப்புக்குக் காரணம் ஹெமடைட், மஞ்சளுக்கு கோதைட், இரண்டும் இரும்புத் தாதுக்கள். நல்ல ஜாஸ்பரைக் கத்தி கீறாது. கத்தியின் இரும்புதான் கல்மேல் சாம்பல் நிறக் கோடாக ஒட்டும், விரலால் தேய்த்தால் போய்விடும். சிவப்பாக இருந்த ஒன்றை டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தேன், செங்காவிக் கோடு விழுந்தது. ஜாஸ்பராக இருந்தால் டைல்ஸைத்தான் கீறியிருக்கும். அதைத் தனியே வைத்தேன்.

அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார்.

ஜூன் 6

அப்பாவுக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க.

ஜூன் 9

பச்சைக்கல் இன்று கிடைத்தது. சின்ன வயதில் எனக்குத் தொடக் கொடுத்த கல். பாட்டிலில் இல்லை, பழைய லுங்கித் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார். கரும்பச்சை, அதில் மிளகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள். ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. உடைந்த முகம் சொரசொரப்பாக இல்லை, வழவழவென்று வளைந்து இறங்குகிறது, விளிம்பு கையைக் கிழிக்கும் கூர்மை. புள்ளிகள் இரும்பு ஆக்சைடு. பிளட்ஸ்டோன் என்பார்கள். சௌராஷ்டிரப் பக்கம் காலங்காலமாகக் கிடைப்பது. ஆனால் தக்காணத்தில் வேறு இடங்களிலும் கிடைக்கும். அப்படியென்றால் அப்பா இதை எங்கே எடுத்தார்?

ஜூன் 10

டிரிப் நோட்டு அகப்பட்டது. ஊர், எத்தனை அடி ஆழம், கேசிங் குழாய், தண்ணீர் எத்தனை இஞ்ச், பாக்கி எவ்வளவு. லாத்தூர், ஜால்னா, கர்கோன், ராஜ்கோட், ஜாம்நகர், மறுபடி லாத்தூர். கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுக்கப் படித்தேன், டீசல் கணக்கு உட்பட.

ஜூன் 13

காங்கேயத்திலிருந்து கல் வியாபாரி ஒருவர் வந்தார். மொத்தமாக, கிலோக் கணக்கில். சாக்கைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பிரித்து வைத்ததையாவது தொடாதீங்க என்றேன். "எல்லாம் உருட்டிப் பாலிஷ் போடறதுதானுங்க, எந்த ஊர்க் கல்லா இருந்தா என்னங்க அம்மிணி" என்றார். அதுதானே எல்லாம்! ஊர் தெரியாத ஜாஸ்பர் அழகான கல், அவ்வளவுதான். ஊர் தெரிந்தால் அது எந்த மண்ணிலிருந்து வந்தது, யார் குனிந்து எடுத்தது என்பது வரைக்கும் சொல்லும். கொடுக்கவில்லை. தம்பிக்குக் கோபம்.

ஜூன் 14

பச்சைக்கல் எந்த ஊர் என்று அப்பாவிடம் ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கேட்டேன், ஆமாம் என்றால் கையை மூடணும். ஜாம்நகர் என்றதும் இடது கையை மூடினார்.

ஜூன் 15

லாத்தூர் என்றபோதும் மூடினார். பச்சைக்கல்லை உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் கேட்டேன், கல்லைப் பிடிப்பதற்காக மூடியிருக்கலாம். கல் இல்லாமல் கேட்டேன், மூடவில்லை. அப்படியென்றால் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லையா? வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கையை நான்தான் போர்வைக்குள் எடுத்து வைத்தேன்.

ஜூன் 18

ரோஸும் பச்சையுமாக ஒரு கல். கடைகளில் இதையும் ஜாஸ்பர் என்றே விற்பார்கள். சமையலறைத் தராசில் 84 கிராம். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, கல்லை நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முக்கினால் 28 கிராம் ஏறியது, அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. 84-ஐ 28-ஆல் வகுத்தால் அடர்த்தி 3. ஜாஸ்பர் பெரும்பாலும் 2.6 பக்கம்தான் நிற்கும். அப்படியென்றால் இது உனகைட், எபிடோட் என்கிற பச்சைக் கனிமமும் ரோஸ் நிற ஃபெல்ட்ஸ்பார் கனிமமும் சேர்ந்தது. எவ்வளவு திருப்தி, இப்படி ஒன்று உறுதியாகத் தெரியும்போது.

ஜூன் 19

ஆரஞ்சுக் கற்கள், சூதுபவளம். குஜராத்தில் ரத்தன்பூரில் தோண்டி, வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் சுட்டால்தான் அந்தச் சிவப்பு வரும். இவை சுடாத வெளிர்நிறம், அதனால் பட்டறைக் கல் இல்லை, எங்கேயோ நேராகப் பொறுக்கியவை. நம்ம பக்கத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலில் கிடைத்த சூதுபவள மணிகளுக்கும் குஜராத்திலிருந்துதான் மூலக்கல் வந்திருக்கும் என்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தத் தூரம் வந்திருக்கிறது.

ஜூன் 21

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொன்னார்: ஊர்ப் பேராகச் சொல்லிக் கேட்காதீங்க அக்கா, படத்தைக் காட்டுங்க. மேப் வாங்கணும், பெரிய எழுத்தில்.

ஜூன் 22

தம்பி வாங்கி வந்தான். கேட்காமலேயே.

ஜூன் 23

பச்சைக்கல்லைக் காட்டினேன். மேப்பில் அப்பாவின் விரல் குஜராத்துக்குள் போனது, ராஜ்கோட்டைத் தாண்டியது, ஜாம்நகரையும் தாண்டி மேலே கட்ச்சில் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன், அங்கேயேதான். நோட்டில் கட்ச் இல்லை. ஆனால் அந்த நோட்டு 2004-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தின நோட்டு எந்தப் பெட்டியில் போனது என்று அம்மாவிடம் கேட்கணும், பெட்டிகளைக் கட்டுவதற்குள்.